செரட்டோனின் கம்மின்னா அடிக்கலாமா?

வீட்டில் கை ஓங்குகிற ஆளைப் பற்றிப் பேச்சு வந்தாலே இப்போதெல்லாம் யாராவது ஒருவர் "பாவம், அவருக்கு மூளையில செரட்டோனின் கம்மி" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். செரட்டோனின் என்பது மூளை நரம்புகளுக்கு இடையே சேதி கொண்டுபோகும் ஒரு ரசாயனம், அது குறைந்தால் கோபத்தை அடக்க முடியாது என்பது அவர்கள் வாதம். இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது (என் செரட்டோனின் அளவை யாரும் விசாரிக்க வேண்டாம்).

அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1983-இல் பின்லாந்தில் வன்முறைக் குற்றவாளிகளின் தண்டுவடத் திரவத்தைச் சோதித்தார்கள். செரட்டோனின் சிதைந்த பிறகு மிஞ்சும் பொருள் (செரட்டோனின் எவ்வளவு என்பதற்கு அது ஒரு அடையாளம்), சட்டென்று வெறி வந்து தாக்கியவர்களிடம் குறைவாக இருந்தது. திட்டம் போட்டுத் தாக்கியவர்களிடம் அப்படி இல்லை. இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதே இல்லை. மேலதிகாரி திட்டும்போது வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு அடிக்கிறவர் எந்த வகை? ஆள் பார்த்து, இடம் பார்த்து வருகிற கோபத்துக்கு ரசாயனத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

2008-இல் வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். செரட்டோனின் தயாராக டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் வேண்டும். அது மூளைக்குப் போவதைத் தற்காலிகமாகக் குறைக்கும் பானம் ஒன்றைக் கொடுத்து, ஒரு விளையாட்டு ஆட விட்டார்கள். எதிராளி பணத்தைப் பங்கு பிரிப்பார், நீங்கள் ஒத்துக்கொள்ளலாம், மறுத்தால் இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்காது. அந்தப் பானம் குடித்தவர்கள் அநியாயமான பங்கை அதிகமாக மறுத்தார்கள், அதாவது தனக்குப் போனாலும் பரவாயில்லை, அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று. ஆனால் அவர்களுடைய மனநிலை மோசமாகவில்லை, எது நியாயம் என்ற கணிப்பும் மாறவில்லை. சீண்டலுக்கு எப்படிப் பதில் கொடுப்பது என்ற இடத்தில்தான் மாற்றம். செரட்டோனினை "மகிழ்ச்சி ஹார்மோன்" என்று சொல்லித் திரிகிறோமே, அந்தப் பெயர் இதற்குப் பொருந்துகிறதா?

அப்புறம், குறைந்தால் கோபம், கூடினால் சாந்தம் என்ற கணக்கும் செல்லாது. நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில் சில ஆண்களுக்குச் செரட்டோனினைச் சிதைக்கும் மாவோ-ஏ என்ற நொதியே வேலை செய்யவில்லை என்று 1993-இல் கண்டுபிடித்தார்கள். சிதைக்க ஆள் இல்லையென்றால் செரட்டோனின் கூடத்தானே வேண்டும்? ஆனால் அவர்கள்தான் சின்ன விஷயத்துக்கெல்லாம் வெடித்தார்கள்.

சரி, "செரட்டோனினைக் கூட்டும் உணவுகள்" பட்டியல்? உடம்பில் இருக்கும் செரட்டோனினில் பெரும்பங்கு குடலில் இருக்கிறது, அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது, சாப்பாட்டில் வரும் செரட்டோனினும் அப்படித்தான். மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

கட்டுக்கடங்காத ஆத்திரம் நிஜமாகவே நோயாக இருப்பவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. மூளையில் செரட்டோனினைக் கூட்டும் ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரை அவர்களில் சிலருக்கு உதவுகிறது. ஆய்வில் அதைச் சாப்பிட்டும் முழுசாகக் குணமாகாதவர்கள்தான் அதிகம். மனநல மருத்துவரிடம் போய் உட்கார்ந்து பேசியே ஆத்திரம் குறைந்தவர்களும் இருக்கிறார்கள். "செரட்டோனின் கம்மி" என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் முதலில் அவரை அங்கே அழைத்துக்கொண்டு போகட்டும்.