எந்த மாப்பசான்?

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். முந்தாநாள் பதிவைத்தான் சொல்கிறேன். புதுமைப்பித்தன் பிரெஞ்சுச் சிறுகதைக்காரர் மாப்பசானைக் காப்பியடித்தவராம், மிச்சமெல்லாம் ஊதிப் பெருக்கிய புகழாம். ஒரே வரியில் தீர்ப்பு. கீழே வரிசையாக நெருப்புப் பொம்மைகள்.

தழுவல் இல்லையென்று யாரய்யா சொன்னது? அவருடைய நண்பர், அவர் வரலாற்றை எழுதிய ரகுநாதனே 'பயம்', 'கொலைகாரன் கை', 'அந்த முட்டாள் வேணு' எல்லாம் மாப்பசான் தழுவல்தான் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதில் உங்கள் கண்டுபிடிப்பு எது?

எந்தக் கதை, எந்தப் புத்தகம், யார் தொகுத்தது? இதைக் கேட்காமல் திருட்டுப் பட்டம் கட்டக் கூடாது. அவர் உயிரோடிருந்தபோது வந்த தொகுப்புகளில் முக்கியமானவை 1940இல் 'புதுமைப்பித்தன் கதைகள்', 1943இல் 'காஞ்சனை'. இந்தத் தழுவல்கள் புத்தகமானது 1948இல் அவர் கண்ணை மூடிய பிறகு. 'தழுவல்' என்று ஒரு வார்த்தை போட அவர் எழுந்து வர முடியுமா?

"தழுவலை இலக்கியத் திருட்டு என்று திட்டியவரும் அவர்தானே?" ஆமாம், அவர்தான். அந்த இடம் எனக்கும் இடிக்கிறது. ஆனால் திட்டுவதற்கு முன் எழுதியது எது, பின் எழுதியது எது என்று தேதி பார்த்தீர்களா? மறுபடியும் அங்கேதான் வருகிறேன்: தேதி.

பார்ப்பது பெரிய வித்தையில்லை. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் கொண்டுவந்த புதுமைப்பித்தன் கதைகள் பதிப்பை எடுங்கள். கதை வந்த பத்திரிகை, நாள், புனைபெயர் எல்லாம் இருக்கிறது. 2002இல் அவர் எழுத்து நாட்டுடைமை ஆனபின் யாரும் அச்சடிக்கலாம். மலிவுப் பதிப்பில் முதலில் பறிபோவது இந்தக் குறிப்புகள்தான். அவருடைய சொந்தக் கதை 'செல்லம்மாள்' பக்கத்திலேயே தழுவலான 'பயம்' வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் வாசித்தது அதுவாக இருக்கும். வாசித்திருந்தால்!

அவருடைய 'துன்பக்கேணி' கதையில் ஒடுக்கப்பட்டவர்களைச் சித்திரித்த விதம் பற்றிச் சண்டைக்கு வருகிறீர்களா, வாருங்கள். அதில் பேச விஷயம் இருக்கிறது. இது அப்படியா?

ஊதிப் பெருக்கினார்களாம். எவர் ஊதினார்? 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனே போய், காசநோயோடு திரும்பி, திருவனந்தபுரத்தில் 42 வயதில் செத்த மனுஷன். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பணக் கவலை தீரவே இல்லை. நல்ல புகழ்!

'செல்லம்மாள்' எடுத்த எடுப்பிலேயே அவளுக்கு மூச்சு அடங்கிவிடுகிறது. உற்றார் உறவினர் ஐந்நூறு அறுநூறு மைலுக்கு அப்பால். பட்டணத்து வீட்டில் பிணத்தோடு தனியாக அவள் கணவர், ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை. இதற்கு மூலம் மாப்பசானில் எது? தலைப்பை மட்டும் சொல்லுங்கள், போதும்.