வேண்டாம் என்று சொன்னால் அது துரோகமா?

இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பையன். ஏழு வயது இருக்கலாம். யூனிஃபார்ம் போட்டு, தலையைப் படிய வாரி, அம்மா மடியில் உட்கார்ந்திருந்தான். டிரைவர் போட்ட பாட்டோடு சேர்ந்து ஒரு வார்த்தை பிசகாமல் பாடிக்கொண்டே வந்தான். பெண்களை நம்பாதே, இன்றைக்கு உன்னிடம் சிரித்துப் பேசுவாள், நாளைக்கு இன்னொருத்தனோடு போய்விடுவாள் என்று போகிற பாட்டு. பக்கத்தில் நின்றவர் "என்னமா பாடுறான் பாரு" என்று அவன் கன்னத்தைத் தட்டினார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இது ஒரு நாள் கதை இல்லை. வேலைக்குப் போக ஐம்பது நிமிஷம், திரும்பி வர ஐம்பது நிமிஷம். தனியார் பஸ், தலைக்கு மேலே ஸ்பீக்கர், அதற்கு ஒரு பென்டிரைவ். அதில் முக்கால்வாசி 'லவ் ஃபெயிலியர்' பாட்டு. ஒரு முறை கண்டக்டரிடம் கேட்டேன், "அண்ணே, வேற பாட்டு போடுங்களேன்." "பாட்டுதானேக்கா, இதுல என்ன இருக்கு?" என்றார். நல்ல மனிதர். கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் சண்டை போட்டாவது சீட் வாங்கித் தருவார். அப்படிப்பட்டவர் காதிலேயே அது உறைக்கவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

இந்தப் பாட்டுகளில் அந்தப் பெண் அப்படி என்னதான் செய்தாள் என்று ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். கட்டியவனையோ காதலித்தவனையோ வைத்துக்கொண்டு இன்னொருவனோடு ரகசியமாகப் பழகினாளா? அந்தக் கதை அபூர்வம். பெரும்பாலும் அவள் செய்தது இதில் ஏதாவது ஒன்று: அவன் கேட்டபோது வேண்டாம் என்றாள். அல்லது பார்த்தாள், சிரித்தாள், அதற்கு அவனாக ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டான். அல்லது கொஞ்ச நாள் பழகிப் பார்த்துவிட்டு, ஒத்து வராது என்று விலகினாள். அல்லது வீட்டில் வேறு இடத்தில் கட்டி வைத்துவிட்டார்கள். இந்த நாலுக்கும் பாட்டில் ஒரே பெயர்தான். துரோகம். ஏமாத்திட்டா, கழுத்தறுத்துட்டா, நடிச்சுட்டா.

எதை ஏமாற்றினாள்? அவள் ஏதாவது வாக்குக் கொடுத்தாளா? சிரித்ததையே பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டால் அதற்கு அவள் என்ன செய்வாள்? மறுப்பதும் துரோகம் செய்வதும் ஒன்றே இல்லை. மறுப்பது அவள் உரிமை. இந்த இரண்டையும் குழப்பி, குழப்பினதற்கு மெட்டுப் போட்டு, ஊர் முழுக்க ஸ்பீக்கர் கட்டி ஒலிக்கவிட்டிருக்கிறோம். என் கோபம் முழுக்க இந்த ஒரு குழப்பத்தின் மேல்தான்.

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை. கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் அவளிடம் காதலைச் சொன்னான். அவள் மரியாதையாக, முகத்தைப் பார்த்து, "எனக்கு அப்படித் தோணலை" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும். அன்று ராத்திரியே அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாட்டு ஏறியது. முதல் நாள் ஒரு பாட்டு, மறுநாள் இன்னொன்று, அப்புறம் தினம். அவள் பெயரை அவன் எங்கேயும் எழுதவில்லை. எழுதத் தேவையே இல்லை. நம்ப வைத்து ஏமாற்றினாள், பணத்தைப் பார்த்துப் போனாள் என்று பாட்டே எல்லாக் குற்றச்சாட்டையும் தயாராக வைத்திருந்தது. பத்து நாளில் வகுப்பு முழுக்க அவள் இரண்டு வருஷம் அவனோடு பழகிவிட்டுக் கழற்றிவிட்டவள் ஆகிவிட்டாள். அவள் கேன்டீனுக்குள் நுழைந்தால் பின் பெஞ்சுக்காரர்கள் அந்தப் பாட்டை ஹம் செய்வார்கள். பெண்களிலேயே சிலர் என்னிடம் வந்து "நெருப்பில்லாம புகையுமா?" என்று கேட்டார்கள். பேராசிரியர் ஒருவர் அவளைக் கூப்பிட்டு "பார்த்து நடந்துக்கம்மா" என்றார். அவனைக் கூப்பிட்டு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பாவம், சூப் பாய்.

இந்த 'சூப்' என்கிற சொல்லே 2011-இல்தான் பரவியது. அந்த வருஷம் நவம்பரில் வெளியாகி உலகமெல்லாம் சுற்றிய கொலவெறிப் பாட்டு தந்த சொல். காதல் தோல்விப் பாட்டென்றால் 'சூப் சாங்' என்று ஒரு வகையே ஆகிவிட்டது. அந்தப் பாட்டில் அவளுக்குத் தோல் வெள்ளை, மனசு கறுப்பு. மனசு கெட்டது என்று சொல்ல எடுத்த நிறத்தைப் பாருங்கள்! அதே வருஷத்தில் வந்த இன்னொரு படப் பாட்டு நேராக 'அடிடா அவளை, உதைடா அவளை' என்றே போகும். கல்யாண மண்டபத்தில் அதற்குக் குழந்தைகள் ஆடிப் பார்த்திருக்கிறேன். மணமேடையில் ஒரு பெண் புதுத் தாலியோடு உட்கார்ந்திருக்கிறாள், கீழே அவளுடைய சொந்தக்காரர்களே அடிடா உதைடா என்று ஆடுகிறார்கள்.

2015 டிசம்பரில் 'பீப் சாங்' என்று, கெட்ட வார்த்தையைப் பீப் சத்தம் போட்டு மறைத்த ஒரு பாட்டு இணையத்தில் வந்தபோது மாதர் சங்கங்கள் தெருவில் இறங்கின, கோவையில் போலீஸ் வழக்குப் பதிந்தது. அது நியாயமான கோபம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அன்றைக்கு நம் பேச்செல்லாம் அந்த ஒரு கெட்ட வார்த்தையைச் சுற்றியே ஓடியது. வார்த்தை சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோமா? 'அடிடா' என்பதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. அதை யாரும் பீப் போட்டு மறைக்கவில்லை.

சரி, வீட்டில் வேறு இடத்தில் கட்டி வைத்த கதைக்கு வருகிறேன். பாட்டில் அவள் பட்டுப் புடவையோடு காரில் ஏறிப் போவாள், இவன் தெருவில் தாடியோடு நிற்பான். அவளுடைய வீட்டுக்குள் நடந்தது பாட்டில் வராது. போனைப் பிடுங்கியது வராது. அம்மா மண்ணெண்ணெய் கேனோடு நின்றது வராது. 2003-இல் விருத்தாசலம் பக்கத்தில் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடியை, பெண்ணின் குடும்பத்தாரே விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். அந்த வழக்கில் கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2021 ஆனது. இப்படி ஒரு நாட்டில், உயிருக்குப் பயந்து, அல்லது அவன் உயிருக்கே பயந்து தலையை நீட்டிய பெண்ணைப் பார்த்து 'வசதியைப் பார்த்துப் போயிட்டா' என்று பாட எப்படி மனசு வருகிறது? சாதிக்காரன் மேல் வர வேண்டிய கோபத்தை எதிர்த்துப் பேச முடியாத அவள் மேல் இறக்கி வைக்கிறார்கள். அவனைத் திட்டிப் பாட இவர்களுக்குத் தைரியம் கிடையாது.

ஆண் உண்மையிலேயே துரோகம் செய்தால் என்ன பாடுகிறார்கள்? அங்கே மெட்டே மாறிவிடும். இரண்டு பெண்டாட்டிக்காரன் கதை என்றால் நகைச்சுவைப் படம், துள்ளலான குத்துப் பாட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பேர் அவன் கையைப் பிடித்து இழுப்பார்கள். பேச்சு வழக்கைப் பாருங்கள். ஊர் மேய்கிற ஆணுக்கு மைனர், மன்மதன். பெண்ணுக்கு ஓடுகாலி, சோரம் போனவள். 'சோரம் போனவன்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'சின்ன வீடு' என்கிறோம், அதிலும் வீடாக நிற்பது அவள்தான். போய் வருகிறவனுக்குத் தனிப் பெயர் கூட வேண்டியிருக்கவில்லை.

சட்டமும் ரொம்பக் காலம் இப்படித்தான் இருந்தது. 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு, இன்னொருவன் மனைவியோடு அவன் சம்மதம் இல்லாமல் உறவு வைத்தால் குற்றம் என்றது. கணவன் சம்மதித்தால் குற்றமில்லை! தன் கணவன் வேறொருத்தியிடம் போனதற்காக மனைவி வழக்குப் போடவும் வழியில்லை. அதாவது பெண் ஒரு உடைமை, உடைமையைத் தொட்டவன் மேல் உடைமைக்காரனுக்குக் கோபம். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தூக்கி எறிந்தது. மனைவிக்குக் கணவன் எஜமானன் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். சட்டம் போய்விட்டது, நம் பாட்டு மட்டும் இன்னும் 1860-இல் நிற்கிறது. 'என்னோட ஆளு', 'எனக்குச் சொந்தமானவ', 'என் பொருளைத் தூக்கிட்டான்'.

இதெல்லாம் நம் மரபு என்று யாராவது சொன்னால் இன்னும் எரிகிறது. சங்கப் பாடல்களில் துரோகத்தைப் பேசுகிற திணை மருதம். அங்கே பரத்தையிடம் போய்விட்டு வந்து வாசலில் நிற்பவன் ஆண். உள்ளே விடச் சொல்லிப் பாணனைத் தூது அனுப்புவான், தோழி முடியாது என்பாள். அதற்கு வாயில் மறுத்தல் என்று ஒரு துறையே இருக்கிறது. குறுந்தொகை எட்டாம் பாட்டில், அவன் பழகிய இன்னொருத்தியே அவனைப் பற்றிச் சொல்கிறாள்: இங்கே வந்து பெரிய பேச்செல்லாம் பேசினான், தன் வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி சொன்னபடி கையையும் காலையும் தூக்குகிற, கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி ஆள் என்று. அந்தக் காலம் பெண்ணுக்கு நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆண் போவதும் வருவதும் அன்றைக்கும் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டில் பேசியது அவள். கோபம் அவளுடையதாக இருந்தது. இன்றைக்குச் சூப் பாட்டில் அவளுக்கு ஒரு வரி உண்டா? நாலரை நிமிஷமும் அவன்தான் பேசுகிறான்.

இன்னொரு இடமும் உண்டு, அதைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பஸ் பாட்டுகள்தான் காதில் கேட்கும். சிலப்பதிகாரத்தில் கானல் வரி. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கி முதலில் பாடுகிறான். அதில் வேறு யாரையோ நினைக்கிறானோ என்று மாதவிக்குப் படுகிறது. பதிலுக்கு அவளும் தன் மனதில் வேறொருவன் இருப்பது போல ஊடலாகப் பாடுகிறாள். அவ்வளவுதான், 'மாயப் பொய் பல கூட்டும் மாயத்தாள்' என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறான். கண்ணகியை விட்டுவிட்டு இவளிடம் வந்து இத்தனை காலம் இருந்தவன்! அவன் பாடினால் பாட்டு, அவள் பாடினால் துரோகம். அவள் தாழை மடலில் கடிதம் எழுதி அனுப்புகிறாள். அவள் ஆடல் மகள், எல்லாமே அவளுக்குக் கைவந்த நடிப்பு என்று அதையும் திருப்பி அனுப்புகிறான். 'நடிச்சுட்டா' என்கிறார்களே, அது அங்கேயே இருக்கிறது. இளங்கோ ஆனால் கோவலன் சொன்னதோடு முடிக்கவில்லை. தனியாக வீடு திரும்பிய மாதவியையும் காட்டுகிறார், அவள் வலியையும் எழுதுகிறார். நமக்கு இன்றைக்குக் கோவலன் வசனம் மட்டும் போதும் என்று ஆகிவிட்டது.

"அப்போ பசங்க வலியைப் பாடவே கூடாதா?" என்று கேட்பார்கள். தாராளமாகப் பாடட்டும். மறுக்கப்படுவது பெரிய வலி, எனக்கும் நடந்திருக்கிறது, ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. நான் உடைந்து கிடக்கிறேன் என்று பாடுவது வலி. அவள் உருப்பட மாட்டாள் என்று பாடுவது சாபம். 1962-இல் கண்ணதாசன் 'எங்கிருந்தாலும் வாழ்க' என்று எழுதினார். காதலித்தவள் இன்னொருவன் மனைவியாகிவிட்ட பிறகு ஒருவன் பாடுகிற பாட்டு. அதில் வலி குறைந்துவிட்டதா? அறுபது வருஷம் தாண்டியும் அழ வைக்கிறது. ஆபாசமாக எழுத மாட்டேன் என்று உறுதியாக நின்ற பாடலாசிரியர் தாமரையின் வரிகளைத் தலைமுறைகள் முணுமுணுக்கின்றன. திட்டினால்தான் பாட்டு ஓடும் என்பது பொய்.

2012 நவம்பரில் காரைக்காலில், ஒருதலையாகக் காதலித்தவனை மறுத்த ஒரு பெண் பொறியாளர் மேல் ஆசிட் ஊற்றினான் அவன். அவர் மூன்று மாதம் போராடி இறந்துபோனார். பாட்டைக் கேட்டுத்தான் அவன் அதைச் செய்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒவ்வொன்று நடக்கும்போதும் டீக்கடையிலும் வீட்டு ஹாலிலும் எழுகிற முதல் கேள்வி "அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சோ?" என்பதுதான். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது? ஏழு வயதிலிருந்து அம்மா மடியில் உட்கார்ந்து பாடிப் பழகியதிலிருந்து வருகிறது.

போன மாதம் எங்கள் வகுப்பு மறுபடி கூடியது. தோழியைக் கூப்பிட்டேன், "நீ போய்ட்டு வாடி, எனக்கு வேணாம்" என்றாள். அவளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை, நல்ல வேலை. அவன் வந்திருந்தான், மனைவியோடு. சாப்பாடு முடிந்ததும் யாரோ அந்தப் பழைய பாட்டைப் போட்டார்கள். பின் பெஞ்சுக்காரர்கள் கத்தினார்கள். அவன் சிரித்தான். நான் எழுந்து போய் "அவ உங்களை ஏமாத்தவே இல்லை, வேணாம்னு மட்டும்தான் சொன்னா, அது உங்களுக்கும் தெரியும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருவன், "விடு, ஜாலியாத்தானே போட்டோம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டைத் திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டான்.