ஆமா, குழாய்க் கட்டணத்தை ஏத்தணும்னுதான் சொன்னேன்

ஞாயித்துக்கிழமை ஏரியா கூட்டத்துல நான் பேசின வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கும். ‘இவனுக்கு எவ்வளவு குடுத்தாங்க’ன்னு நம்ம தெரு குரூப்புலயே கேட்டிருக்காங்க. பாதியை வெட்டிட்டுப் போட்டிருக்காங்க. மீதி இதுதான்: ஏத்துற காசு குழாய் மாத்துறதுக்கு மட்டும் போகணும். அதுக்குத் தனிக் கணக்கு வேணும். எந்தத் தெருவுல எத்தனை மீட்டர் மாத்தினாங்கன்னு வருஷா வருஷம் எழுதி ஒட்டணும். ஒட்டலைன்னா அடுத்த வருஷம் ஏத்தக் கூடாது.

எங்க வீட்டு வாசல்ல பள்ளம் தோண்டினப்போ ஃபிட்டர் பழைய இரும்புக் குழாயில ஒரு துண்டை வெட்டி எடுத்தார். உள்ளெல்லாம் துரு, என் சுண்டுவிரல்தான் நுழைஞ்சுது. மேட்டூர்ல இருந்து காவிரித் தண்ணி வேலூர் வரைக்கும் வந்துருது, கடைசி அம்பது அடியில இதுக்குள்ள புகுந்துதான் நம்ம குடத்துக்கு வரணும். தினமும் தண்ணி விடறதில்ல. குழாய் காலியா கிடக்கிற நேரத்துல, விரிசல் வழியா பக்கத்துச் சாக்கடை உள்ள இறங்குது. தண்ணி விட்டதும் முதல் ரெண்டு குடம் ஏன் நாறுதுன்னு நினைக்கிறீங்க?

‘ஏழை எங்க போவான்’னு கேக்குறாங்க. வீட்டுக் கரண்டுல முதல் 100 யூனிட் இலவசம்தானே? தண்ணிக்கும் மீட்டர் வைங்க. நகரத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்கமே அளவு வச்சிருக்கு, ஏழை வீட்டுக்கு அது வரைக்கும் காசு வேண்டாம். லாட்ஜும் வாட்டர் சர்வீஸும் முழுசா கட்டட்டும். கரண்டு கட்டணத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் இருக்கு, நம்மளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேக்குது. குழாய்க் கட்டணத்துக்கு மட்டும் ஏன் அப்படி ஒண்ணு இல்ல?

‘காசைத் தின்னுடுவாங்க’. அண்ணா, அதுக்குத்தானே கணக்கு கேக்குறேன்! கட்டணமே வேண்டாம்னு சொல்ற நீங்களும் நானும் கேன் தண்ணிக்கு மாசம் எவ்வளவு தர்றோம்? அதுக்கு யார்கிட்ட கணக்கு கேட்டோம்?

என் பொண்ணு போன வருஷம் மஞ்சக்காமாலையில ஒரு மாசம் படுத்திருந்தா. தண்ணியாலதான்னு டாக்டர் சொன்னார். பத்தியச் சோத்தைப் பார்த்து அழுவா. அப்போ வீடு வரைக்கும் வந்து விசாரிச்சவங்கதான் இன்னிக்கு என்னைக் காசு வாங்கினவன்னு எழுதுறாங்க. அதைத்தான் தாங்க முடியல.

அந்தக் குழாய்த் துண்டு எங்க மாடிப்படிக்குக் கீழதான் கிடக்கு. வந்து விரலை விட்டுப் பாருங்க, அப்புறம் எழுதுங்க.