‘ஷை’ யாருங்க?

பாலக்கோட்டில் சித்தப்பாவுக்கு வரப்புத் தகராறில் சம்மன் வந்தது. ‘ஷை தாவாவில் ஆஜராகத் தவறினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும்’ என்று ஒரு வரி. ஷை என்றால் மேற்படி, தாவா என்றால் வழக்கு. அவரோ, “யார்றா இந்த ஷை, நம்ம பங்காளியா?” என்று கேட்கிறார். ‘நீங்கள் வராவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும்’ என்று எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

சம்மன் கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். டீக்கடை வக்கீல் ஒருவர் “ஆறு மாசம் டைம் இருக்கு” என்று சொல்லிவிட்டார். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருப்பதையும் யாரும் சொல்லவில்லை. அப்புறம் என்ன, பன்னிரண்டு நாளாகச் சம்மன் முருகன் படத்துக்குப் பின்னால் செருகியே கிடந்தது.