பந்தை விட்டுத்தான் டொக்டரானவரா?

அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ஊரும் பேரும் எழுதி இன்னும் பெருப்பிக்கவில்லை. பரிசளிப்பு மேடையில் பொன்னாடையோடு நின்று பிரதம விருந்தினர் சொன்னார்: "நாடியா நாடிம் எண்ட பிள்ளையைப் பாருங்கோ. பந்தை விட்டுட்டுப் படிச்சவ. இண்டைக்கு டொக்டர்." கைதட்டல் வேறு. அதுவும் உதைபந்தாட்டத்துக்குக் கிண்ணம் வாங்க வந்த பிள்ளைகளை முன்வரிசையில் இருத்தி வைத்துக்கொண்டு!

ஐயா, அவர் டென்மார்க் அணியின் உதைபந்தாட்ட வீராங்கனை. பந்தை விடவில்லை.

டென்மார்க்கில் மருத்துவம் படித்துக்கொண்டேதான் போர்ட்லண்ட், மான்செஸ்டர் சிற்றி, பரிஸ் சென் ஜெர்மெயின் என்று கழகம் கழகமாக விளையாடினார். 2017 பெண்கள் ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் டென்மார்க்கின் முதல் கோலைத் தண்டனை உதையில் அடித்தவர் அவர்தான் (நெதர்லாந்து 4-2 என்று வென்றது, அது வேறு கவலை). லியோன் தொடர்ந்து 14 வருடம் வைத்திருந்த பிரெஞ்சு லீக் பட்டத்தை 2021இல் பறித்த அணியிலும் இருந்தார். 2022 ஜனவரியில் டொக்டரானபோது அமெரிக்காவில் ஒரு கழகத்தில் ஒப்பந்தத்தில் இருந்தார். சரி, பட்டம் கிடைத்த பிறகாவது விட்டாரா? 2024இல், 36 வயதில், ஏசி மிலானுக்குப் போனார். விளையாட! வைத்தியம் பார்க்க இல்லை.

விட்டுட்டு இல்லை ஐயா. விடாமல்.

"அது டென்மார்க், இது யாழ்ப்பாணம்" என்று ஒருவர் வருவார், தெரியும். அவர் டென்மார்க்கில் பிறந்தவர் இல்லை. ஆப்கானிஸ்தான் ஹெராத்தில் பிறந்தவர். தகப்பனைத் தலிபான்கள் கொன்ற பிறகு, தாய் ஐந்து பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாகிஸ்தான், இத்தாலி என்று கள்ளப் பாதையில் போனார். லண்டன் என்று நினைத்து லொறியில் இருந்து இறங்கிய இடம் டென்மார்க். அகதி முகாமுக்குப் பக்கத்துத் திடலில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துத்தான் இவரும் இறங்கினார். லொறி, ஏஜென்சி, முகாம் எல்லாம் எங்களுக்கு யாராவது விளங்கப்படுத்த வேண்டுமா? அந்தக் கதை முழுவதையும் விட்டுவிட்டு, "டொக்டர்" என்ற ஒரு சொல்லை மட்டும் பொறுக்கி எடுக்க எங்களால்தான் முடியும்.

"கட்டாரின் உலகக் கிண்ணத்துக்குத் தூதுவராக நின்றவர்தானே?" ஓம், நின்றவர். எனக்கும் பிடிக்கவில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"பந்தடித்தால் சோறு கிடைக்குமா?" இது நியாயமான கேள்வி. இலங்கையில் ஒரு பெண் பந்தடித்துக் குடும்பம் நடத்த வழி இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் இங்கே சம்பளத்தைப் பற்றியா பேசுகிறேன்? பின்னேரம் பயிற்சிக்குப் போகும் ஒன்றரை மணித்தியாலத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பவர்களுக்கு: 2003இல், சமாதான காலத்தில், நான் பள்ளிக்கூட அணியில் வலது பக்கம் ஓடியவள். ஓ.எல் சோதனைக்கு மூன்று மாதம் இருக்க அம்மா என் சப்பாத்தைப் பழைய பேப்பரில் சுற்றி ஒழுங்கையில் யாருக்கோ கொடுத்துவிட்டா. "ஏ.எல் முடியட்டும், பிறகு விளையாடு." 2006 ஓகஸ்டில் ஏ.எல் வந்தபோது யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதையும் மூடிவிட்டது. ஊரடங்கு, சாமான் வரிசை. திடலுக்கு யார் போவது? பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும் இசட் புள்ளியும் காலை வாரியது. பந்தையும் விட்டேன், டொக்டரும் ஆகவில்லை. இப்போது ஒரு அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறேன். எங்கே, என்னை மேடைக்குக் கூப்பிட்டு உதாரணம் காட்டுங்கள் பார்ப்போம்.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. (சொல்கிறேன்தான். அவ முகநூலில் இல்லை.)

இன்னொன்று. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி உதைபந்தாட்டப் பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்தால் "எங்கட பிள்ளைகள்" என்று பதிவு போடுவோம். தர்ஜினி சிவலிங்கம் 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணம் வென்ற வலைப்பந்தாட்ட அணியில் இருந்தபோதும் போட்டோம். வென்ற பிறகு மாலை போட நாங்கள் எப்போதும் முன்னுக்குத்தான். வெல்வதற்கு முன்னால் அதே பிள்ளை கட்டைக் காற்சட்டையோடு ஒழுங்கையால் சைக்கிளில் போனால், படலைக்குப் படலை தலை எட்டிப் பார்க்கும். அந்தத் தலைகளில் இரண்டு மூன்று இந்தப் பதிவையும் விரும்பிவிட்டுப் போகும்.

அந்த முன்வரிசையில் என் பெறாமகளும் இருந்தாள். ஸ்கூட்டியில் வரும்போது பின்னாலிருந்து கேட்டாள், "சித்தி, அவ எப்ப பந்தை விட்டவ?"

"விடேல்லை."

"அப்ப ஏன் அந்த ஐயா அப்பிடிச் சொன்னவர்?"

எனக்கு மறுமொழி வரவில்லை. நாளைக்கு நாலரைக்குப் பயிற்சி, அதே நேரம் விஞ்ஞான ரியூசனும் இருக்கிறது. ரியூசன் சேர் கேட்டால் தனக்குக் காய்ச்சல் என்று நான் சொல்லட்டாம். காய்ச்சல் என்று நான் சொல்லப்போவதில்லை.