ஃப்ரீ குறைந்தால் ராம் தீர்ந்தது என்று அர்த்தமில்லை

4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் ராம் தீர்ந்துபோய் 200 எம்பிதான் ஃப்ரீ காட்டும் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. புதுச்சேரி நண்பர்கள் பலர் பகிர்ந்தும் விட்டார்கள். எண் சரி, முடிவு சரியில்லைங்க. சும்மா கிடக்கும் ராமில், படித்த ஃபைல்களை லினக்ஸ் கேஷாக, அதாவது மறுபடி வேகமாக எடுக்க ஒரு நகலாக, வைத்துக்கொள்ளும். புரோகிராம் ஏதாவது கேட்டால் அந்த இடத்தை உடனே விட்டுக்கொடுக்கும். ராம் கணக்கைக் காட்டும் 'ஃப்ரீ' கட்டளையில் பார்க்க வேண்டியது கடைசிப் பத்தியான 'அவைலபிள்', அதாவது புரோகிராம்களுக்குக் கிடைக்கக்கூடிய ராம். அந்தக் கணக்கு 2014இல் வந்த 3.14 கெர்னலிலிருந்தே (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது.

நீங்களே பாருங்கள். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், சின்ன எழுத்தில் ஃப்ரீ, ஒரு இடைவெளி, ஹைஃபன் எச் (free -h) என்று அடியுங்கள். பிறகு பென் டிரைவிலிருந்து 1 ஜிபி வீடியோ ஒன்றை காப்பி செய்துவிட்டு மறுபடி அடியுங்கள். 'ஃப்ரீ' இறங்கும், 'பஃப்/கேஷ்' ஏறும், 'அவைலபிள்' ஏறக்குறைய அப்படியே நிற்கும். (ராமிலேயே ஃபைல்களை வைக்கும் தற்காலிக இடமான டெம்ப்எஃப்எஸ்ஸில் கிடப்பதும் கேஷ் கணக்கில்தான் வரும், ஆனால் அது விடுபடாது. ஃப்ரீயையும் கேஷையும் கூட்டினால் அவைலபிள் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.)

ராம் போதாதபோது உதவ டிஸ்கில் ஒதுக்கிய இடம் ஸ்வாப். அது இருந்து, நிஜமாகவே ராம் போதவில்லை என்றால், நொடிக்கொரு வரி காட்டும் 'விஎம்ஸ்டாட் 1' (vmstat 1) கட்டளை ஓடும்போது எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) பத்திகளில் எண்கள் விடாமல் வரும். முதல் வரியைத் தள்ளிவிடுங்கள், அது பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி. மற்ற வரிகளில் பூஜ்யம்தான் என்றால், புது ராம் வாங்க நேரு வீதிக்கு வண்டி எடுக்க வேண்டாம்.