"மாத்திரை ஒத்துக்கலை" என்று சொன்னால் கொஞ்சம் காது கொடுங்கள்

"தைராய்டு மாத்திரை எனக்கு ஒத்துக்கலை" என்று ஒருத்தி சொன்னால் இரண்டு விதமான பதில்தான் வரும். ஒன்று, "ஊரே போடுது, உனக்கு மட்டும் என்ன? பழகிடும்." இன்னொன்று, "ஒத்துக்கலைன்னா தூக்கிப் போடு." இரண்டையும் கேட்டு நடந்து நான் பட்ட பாடு வேறு யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மதுரை செல்லூரில் வீட்டிலேயே மிஷின் போட்டு 16 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். போன வருஷம் தை மாதம் ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 38 என்று வந்தது. தைராய்டு சுரப்பு குறையக் குறைய ஏறுகிற அளவு அது. நாலு, அஞ்சுக்குள் இருக்க வேண்டியது. நான் பார்த்த டாக்டர் எடுத்த எடுப்பில் 100 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்தார்.

ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் நாள் வாக்கில் ஆரம்பித்தது. சும்மா படுத்திருக்கும்போதே மூன்று மாடி ஏறி வந்த மாதிரி நெஞ்சு அடிக்கும். ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்தால் விடியும் வரை தூக்கம் இல்லை, முதுகெல்லாம் வியர்வை. ஒரு நாள் காலையில் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தேன். நுனியை நாக்கில் நனைத்து முறுக்கி ஒரே வாட்டத்தில் கோத்துவிடுகிற கை இது. அன்றைக்கு நூல் துளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறது, உள்ளே போகவில்லை. ஏழெட்டு தடவை பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தேன். கையை விரித்துப் பார்த்தால் விரல் நுனியெல்லாம் நடுங்குகிறது. தையல்காரிக்குக் கை நடுங்கினால் என்ன மிச்சம்? அழுதுவிட்டேன்.

திரும்பப் போய்ச் சொன்னேன். "டென்ஷன் ஆகாதீங்கம்மா, மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றார். நாடி கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம் நானே நிறுத்திவிட்டேன்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். நிறுத்தியதும் இரண்டு வாரம் ரொம்ப நன்றாக இருந்தது. படபடப்பு போனது, தூக்கம் வந்தது. பார்த்தாயா, மாத்திரைதான் விஷம் என்று நினைத்தேன். அது அப்படியில்லை. அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். மிச்சம் இருந்த மருந்து கொஞ்சங்கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. தீர்ந்த அப்புறம் தெரிந்தது.

சித்திரைத் திருவிழா நேரம்தான் எனக்கு ஜாக்கெட் ஆர்டர் குவியும். அந்தச் சித்திரையில், மதுரை வெயிலில், நான் போர்வை போர்த்திப் படுத்திருந்தேன். முகம் ஊதி, குரல் கரகரத்து, நாலு நாளைக்கு ஒரு தரம் வெளிக்குப் போய்... அழகர் ஆற்றில் இறங்கிய அன்று தெருவே வைகைக்குப் போனது. எனக்கு எழுந்து வாசலுக்கு வர முடியவில்லை.

மதினிதான் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். அங்கே இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "மாத்திரை போட்டதும் என்ன செஞ்சது, எத்தனாவது நாள், சொல்லுங்க." முழுசாகக் கேட்டார். ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.2. தைராய்டு குறைந்தால் மாதவிடாய் அதிகமாகப் போகலாம், எனக்கு அதில் ரத்தசோகை. ரத்தம் இல்லாத உடம்பில் நெஞ்சு ஏற்கெனவே வேகமாக அடித்துக்கொண்டிருக்கும், அதன்மேல் 100 மைக்ரோகிராமை ஏற்றினால் தாங்குமா? காலை 8 மணிக்குக் கார்ட்டிசாலும் பார்த்தார்கள். அந்த ஹார்மோன் குறைவாக இருக்கிறவர்களுக்குத் தைராய்டு மாத்திரையை முதலில் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். எனக்கு அது சரியாக இருந்தது.

இரும்புச்சத்து மாத்திரையைத் தொடங்கி, தைராய்டு மாத்திரையை 25இல் ஆரம்பித்தார்கள். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்து, 50, அப்புறம் 75. இப்போது 75இல் நிற்கிறேன். டிஎஸ்எச் 3.1. அதே மருந்துதான். கை நடுங்கவில்லை.

சின்ன வயசு, இதயத்தில் கோளாறு இல்லை என்றால் முழு அளவில் தொடங்குவதும் வழக்கம்தான் என்று அதே டாக்டரம்மா சொன்னார். அதனால் முதல் டாக்டர் எழுதிய அளவைப் பற்றி எனக்குப் பெரிய கோபம் இல்லை. திரும்பி வந்து சொன்னபோது கேட்கவில்லையே, அதுதான் இன்னும் ஆறவில்லை. "ஒத்துக்கலை" என்கிற வார்த்தைக்குள் ஏதோ ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது. அளவு கூடியிருக்கலாம். ரத்தசோகை இருக்கலாம். சிலருக்கு மாத்திரையில் சேர்க்கிற லாக்டோஸோ நிறமோ ஆகாமல் இருக்கலாம். மெடிக்கலில் "அதே மருந்துதான்க்கா, கம்பெனிதான் வேற" என்று மாற்றிக் கொடுத்ததில் கூட அளவு கொஞ்சம் முன்பின் ஆகலாம், அப்படி மாறினால் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

போடுகிற விதமும் இருக்கிறது. மேலூரில் என் சின்னம்மா மகள் காபியோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள். காபி மருந்தை உடம்பில் முழுசாகச் சேரவிடாது. டிஎஸ்எச் இறங்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். யாரோ சொல்லி வெறும் வயிற்றில் போட ஆரம்பித்தாள், அந்தக் கூட்டின அளவு மொத்தமும் உள்ளே இறங்கி அவளுக்கும் படபடப்பு. நான் விடியற்காலையில் தண்ணீர் பிடிக்க எழும்போதே போட்டுவிடுவேன், காபி ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி. டப்பாவை அடுப்பங்கரையில் வைப்பதில்லை, சூடும் ஈரமும் ஆகாது.

"வாழ்நாளெல்லாம் போட்டா கிட்னி போயிரும்" என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒன்று. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்கிற டாக்டர் இதே நோய் முற்றின ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொடுத்தார். அந்த அம்மா அதற்கப்புறம் 28 வருஷம் இருந்தார். நர்சிங் படிக்கிற என் மகள் சொன்னது. உடம்பு தானே சுரக்க வேண்டியதைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம்.

முந்தாநாள் ஜாக்கெட் அளவு கொடுக்க ஒரு பெண் வந்தது. 27 வயசு. மாத்திரை போட்டால் நெஞ்சு படபடக்கிறது, டப்பாவோடு குப்பையில் போட்டுவிட்டேன் அக்கா என்றது. எத்தனை மைக்ரோகிராம், எத்தனாவது நாள், ரத்த அளவு எவ்வளவு என்று கேட்டேன். தெரியவில்லை. பழைய ரிப்போர்ட்டை எல்லாம் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் ஓபி சீட்டு வாங்க நானும் கூடப் போகிறேன்.